'ஈஸ்ட்-வெஸ்ட்' ஆல்பத்தை அடியிலிருந்து மேலே கேட்பது எப்படி

ப்ளூஸ் ராக் (கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸும் ராக்கும் கலந்த இசை) என்று பேச்செடுத்தால் கிளாப்டன் வருவார், ஹென்ட்ரிக்ஸ் வருவார், லெட் ஜெப்பெலின் வரும். பால் பட்டர்ஃபீல்டு ப்ளூஸ் பாண்டின் 'ஈஸ்ட்-வெஸ்ட்' பெரும்பாலும் வருவதில்லை. 1966 ஆகஸ்டில் எலெக்ட்ரா நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் இது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 65வது இடம்வரை ஏறியது, அவ்வளவுதான். அதே கோடையில்தான் பீட்டில்ஸின் 'ரிவால்வர்' வந்தது. ஜான் மேயாலும் கிளாப்டனும் சேர்ந்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்' ஆல்பமும் அப்போதுதான் வந்தது. அந்த நெரிசலில், ரேடியோவில் ஓடும்படியான ஒரு ஹிட் பாட்டும் இல்லாமல், இந்த ஆல்பம் ஓரமாக நின்றுவிட்டது. சில மாதங்களிலேயே முதன்மைக் கிட்டார் கலைஞர் மைக் ப்ளூம்ஃபீல்டு குழுவை விட்டுப் போனார். இதைச் செய்த ஆறு பேரும் அதன்பின் இதே வடிவில் இன்னொரு ஸ்டுடியோ ஆல்பம் செய்யவில்லை.

எனக்கு இது உடனே பிடிபடவில்லை. கிட்டாருக்காகவே கேட்க உட்கார்ந்தேன். கடைசிப் பாட்டு 13 நிமிடம். நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து வேறு வேலை செய்துகொண்டிருந்தபோது அது பின்னணியில் ஓடியது. அப்போது காதில் விழுந்தது கிட்டார் இல்லை, டிரம்ஸும் பேஸ் கிட்டாரும்தான். அன்றுதான் கதவு திறந்தது. இந்த ஆல்பத்தை மேலிருந்து கீழே கேட்டால் களைப்பாக இருக்கும், அடியிலிருந்து மேலே கேட்டால் தானாகத் தூக்கிக்கொண்டு போகும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த வழிதான். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காதைத் தயார் செய்வது

ஆல்பம் மொத்தம் 44 நிமிடம், 9 பாட்டு. போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் கீழ்ச்சுரங்கள் அதில் பெரும்பாலும் மறைந்துவிடும், இந்த ஆல்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. சுமாரான ஹெட்ஃபோன் போதும்.

பிறகு, பன்னிரண்டு பார் ப்ளூஸ் என்ற கட்டத்தை ஒருமுறை கையால் தட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பாருக்கு 4 அடி, 12 பார் சேர்ந்து ஒரு சுற்று, ஆக 48 அடி. முதல் 4 பார் ச-வை அடியாகக் கொண்ட கார்ட்ஸில் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) நிற்கும். அடுத்த 2 பார் ம-வுக்குப் போகும், பின் 2 பார் ச-வுக்குத் திரும்பும். அப்புறம் ப-வில் ஒரு பார், ம-வில் ஒரு பார், கடைசி 2 பார் மறுபடி ச. ப்ளூஸ் பாட்டுகளில் மிகப் பெரும்பகுதி இந்தச் சுற்றுக்குள் அடங்கிவிடும். தட்டிப் பழக லிட்டில் வால்டரின் 'ஜூக்' நல்லது. 1952இல் வந்த அந்த மவுத் ஆர்கன் இசை சுற்றுச் சுற்றாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். பட்டர்ஃபீல்டு வாசித்துப் பழகிய பாணியின் ஊற்றும் அதுதான்.

இன்னொன்று: ப்ளூஸில் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்காது. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் இழுபட்டுக்கொண்டே இருக்கும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. கிட்டார்காரர் கம்பியை விரலால் தள்ளி அங்கே போகிறார், பாடகர் தொண்டையால் போகிறார். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இரண்டாம் படி: மூலங்களை முதலில் கேட்பது

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் வேறு ஆட்கள் எழுதியவை. மூலத்தைக் கேட்டுவிட்டு வந்தால்தான் இவர்கள் எதை மாற்றினார்கள் என்பது தெரியும்.

மிசிசிப்பி ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் 1936இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பதிவு செய்த 'வாக்கிங் ப்ளூஸ்' முதலில். ஒரு ஆள், ஒரு கிட்டார். அவருக்கும் முன்பே மூத்த ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ் பாடியது அது. இந்த ஆல்பம் அந்தப் பாட்டோடுதான் தொடங்குகிறது. மிசிசிப்பியில் தனி ஆள் நடந்த நடை, சிகாகோவில் ஆறு பேர் சேர்ந்து நடக்கும் நடையாகியிருக்கும்.

அடுத்தது சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1951இல் பதிவு செய்த 'ஸ்டில் எ ஃபூல்'. இந்த ஆல்பத்தில் அது 'டூ ட்ரெய்ன்ஸ் ரன்னிங்' என்ற பெயரில் வருகிறது. மடியின் பதிவை மிகக் கவனமாகக் கேளுங்கள். நீங்கள் இப்போது பழகிய பன்னிரண்டு பார் கட்டம் அதில் கிடையாது! ம-வுக்கும் ப-வுக்கும் போகாமல் பாட்டு முழுக்க ஒரே அடிச்சுரத்தில் உட்கார்ந்திருக்கும். கிட்டார் அதே சிறு வரியை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருக்கும். மிசிசிப்பி டெல்டாவின் பழைய வழக்கம் இது. மவுத் ஆர்கன் மேதை லிட்டில் வால்டர் இந்தப் பதிவில் மவுத் ஆர்கனைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவது கிட்டார் வாசிக்கிறார். இந்த 'ஒரே இடத்தில் நிற்பது' என்ற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் இதுதான் சாவி.

நாட் அடர்லியின் 'வொர்க் சாங்' 1960இல் வந்த ஜாஸ் இசை. சிறுவயதில் ஃப்ளோரிடாவில் கைதிகள் சாலை போடும்போது பாடியதைப் பார்த்த நினைவிலிருந்து பிறந்தது. ஆலன் டூஸான் எழுதி லீ டோர்சி பாடிய 'கெட் அவுட் ஆஃப் மை லைஃப், உமன்' நியூ ஆர்லியன்ஸ் சரக்கு. இரண்டையும் ஒருமுறை கேட்டால் போதும்.

மூன்றாம் படி: ஆறு பேரையும் ஒலியால் அடையாளம் காண்பது

பெயரைப் படித்து மனப்பாடம் செய்வதைவிட, யார் எந்தச் சத்தம் என்று தெரிந்துகொள்வது முக்கியம்.

பால் பட்டர்ஃபீல்டு குரலும் மவுத் ஆர்கனும். 1942இல் பிறந்து சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில் வளர்ந்தவர், இளமையில் மேற்கத்திய செவ்வியல் புல்லாங்குழல் படித்தவர். மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடித்து, ஆம்ப்ளிஃபயர் வழியாக வாசிக்கும் சிகாகோ முறை அவருடையது. அதனால் சிறிய மவுத் ஆர்கன் சாக்ஸஃபோன் அளவுக்குத் தடித்து ஒலிக்கும். ப்ளூஸில் மவுத் ஆர்கனின் ப-வையே பாட்டின் ச-வாக வைத்து வாசிப்பார்கள். அப்படி வைத்தால் முக்கியமான சுரங்கள் மூச்சை உள்ளே இழுக்கும் பக்கம் வந்துவிடும், இழுக்கும் மூச்சில் சுரத்தை வளைப்பது எளிது. அந்த அழுகை அங்கிருந்து வருகிறது.

மைக் ப்ளூம்ஃபீல்டு வசதியான யூதக் குடும்பத்துப் பிள்ளை. பதின்பருவத்திலேயே சிகாகோவின் தெற்குப் பகுதி கிளப்புகளுக்குப் போய்க் கறுப்பினக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிக்கக் கற்றவர். 1965இல் பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவில் கிட்டார் வாசித்தவரும் அவர்தான். எல்வின் பிஷப் இரண்டாவது கிட்டார். இயற்பியல் படிக்க உதவித்தொகையோடு சிகாகோ பல்கலைக்கழகம் வந்து, அங்கே ப்ளூஸில் விழுந்தவர். 'நெவர் சே நோ' பாட்டில் கேட்பது அவர் குரல். மார்க் நாஃப்டலின் ஆர்கனும் பியானோவும்.

இப்போது அடித்தளம். பேஸ் வாசிக்கும் ஜெரோம் அர்னால்டு, ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபின் குழுவில் இருந்து வந்தவர். வுல்ஃபின் 'ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்' கேட்டிருக்கிறீர்களா? அதுவும் ஒரே அடிச்சுரத்தில் நிற்கும் பாட்டு. அப்படிப்பட்ட இசை நிறைந்த மேடையில் பழகிய கை அர்னால்டுடையது. டிரம்ஸில் பில்லி டேவன்போர்ட். குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்த சாம் லேயின் உடல்நிலை மோசமானதால் அவர் இடத்துக்கு வந்தவர். சாம் லே அசல் ப்ளூஸ் டிரம்மர், அடி இரும்பு மாதிரி விழும். டேவன்போர்ட் ஜாஸ் பயின்றவர். சத்தத்தைக் குறைக்கவும் கூட்டவும் சிம்பலை வெவ்வேறு இடத்தில் தொட்டு நிறம் மாற்றவும் தெரிந்தவர். இந்த மாற்றம் நடக்காமல் போயிருந்தால் இந்த ஆல்பம் இப்படி இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ப்ளூம்ஃபீல்டைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், டேவன்போர்ட்டைப் பற்றி எழுத ஆளில்லை.

இந்த ஆறு பேரில் அர்னால்டும் டேவன்போர்ட்டும் கறுப்பினத்தவர், மற்ற நால்வர் வெள்ளையர். இன்று இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகலாம். அன்றைய அமெரிக்காவில் இப்படி ஒரு குழு ஊர் ஊராகப் போய் ஒன்றாக மேடையேறுவது சாதாரணம் இல்லை.

நான்காம் படி: ஒரு மெதுவான பாட்டை மூன்று முறை

'ஐ காட் எ மைண்ட் டு கிவ் அப் லிவிங்'. சோகமான, மிக மெதுவான மைனர் ப்ளூஸ், 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. காதல் முறிந்தவன் தனக்கொரு கல்லறைக் கல் வாங்கக் கடைக்குப் போகலாமா என்று யோசிக்கிறான். ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான் கேட்பேன் என்று யாராவது சொன்னால் நான் இதைத்தான் கொடுப்பேன், புகழ்பெற்ற அந்தக் கடைசிப் பாட்டைக் கொடுக்க மாட்டேன்.

முதல் முறை பேஸையும் டிரம்ஸையும் மட்டும் பின்தொடருங்கள். இவ்வளவு மெதுவான நடையில் அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும். இரண்டாம் முறை பட்டர்ஃபீல்டின் குரல். அவர் கறுப்பினப் பாடகரைப் போல நடிக்க முயலவே இல்லை. தன் குரலில், தன் உச்சரிப்பில், கிட்டத்தட்டப் பேசுவதுபோல் பாடிவிட்டுப் போகிறார். மூன்றாம் முறை ப்ளூம்ஃபீல்டு. பாட்டின் வரிகளுக்கு இடையே அவர் கிட்டார் பதில் சொல்கிறது. ஒரு வரி முடிந்ததும் உடனே பாய்ந்து வராமல் ஒரு கணம் காத்திருந்து வருவதைக் கவனியுங்கள். பிறகு சோலோ வரும்போது அதே ஆள் வெடிக்கிறார். முன்பு அடக்கி வைத்ததால்தான் அந்த வெடிப்புக்கு அவ்வளவு வலி இருக்கிறது. அவர் அப்போது கையில் வைத்திருந்தது தங்க நிற கிப்ஸன் லெஸ் பால் கிட்டார். முதல் ஆல்பத்தில் வாசித்த டெலிகாஸ்டர் கிட்டாரின் கூர்மை போய், சத்தம் இப்போது தடிமனாகியிருக்கும்.

'ஆல் தீஸ் ப்ளூஸ்', 'மேரி, மேரி', 'நெவர் சே நோ' மூன்றும் சுருக்கமான பாட்டுகள், வரிசையில் வரும்போது கேட்டுக்கொண்டு போகலாம். 'மேரி, மேரி'யை எழுதியவர் மைக்கேல் நெஸ்மித். பின்னர் தொலைக்காட்சிப் புகழ் மங்கீஸ் குழுவும் இதே பாட்டைப் பாடியது. அந்த இனிப்பான வடிவத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

ஐந்தாம் படி: 'வொர்க் சாங்' என்ற பாலம்

கிட்டத்தட்ட 8 நிமிடம், பாடல் வரி கிடையாது. எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசித்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகத் தனியே வாசிக்கிறார்கள். இங்கே செய்ய வேண்டியது ஒன்றுதான்: சோலோ வாசிப்பவரை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவர்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறார்கள் என்று பாருங்கள். நாஃப்டலினின் ஆர்கன் வரும்போது டேவன்போர்ட் வேறு மாதிரி வாசிக்கிறார், கிட்டார் வரும்போது வேறு மாதிரி. ப்ளூஸ் குழு ஒன்று ஜாஸ் கலைஞர்களின் பழக்கத்தில் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்கிறது. 1966இல் ராக் ஆல்பங்களில் இவ்வளவு நீளமாக இதைச் செய்தவர்கள் மிகக் குறைவு. அடுத்து வரப்போகும் 13 நிமிடத்துக்கு இது பயிற்சிக் களம்.

ஆறாம் படி: 'ஈஸ்ட்-வெஸ்ட்'

ப்ளூம்ஃபீல்டும் நண்பர் நிக் கிரவனிட்டிஸும் சேர்ந்து உருவாக்கியது. முதலில் இதைக் குழுவினர் 'த ராகா' என்றே அழைத்தார்கள். ப்ளூம்ஃபீல்டு அப்போது ரவிசங்கரைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனையும் கேட்டார். கோல்ட்ரேனே இந்திய இசையில் ஈடுபட்டு ஒரு இசைக்கு 'இந்தியா' என்று பெயர் வைத்தவர். பீட்டில்ஸ் 1965 கடைசியில் ஒரு பாட்டில் சித்தாரைச் சேர்த்திருந்தார்கள். அங்கே சித்தார் ஒரு அழகுச் சத்தம் மட்டும். ப்ளூம்ஃபீல்டு சித்தாரைத் தொடவே இல்லை. மின்சார கிட்டாரையே வைத்துக்கொண்டு, இந்திய இசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை எடுக்க முயன்றார். அதனால்தான் இது இன்றும் பழசாகவில்லை.

போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் இருந்தால் திறந்து, பேஸின் அடிச்சுரத்தோடு சேரும்வரை சுருதியை மாற்றிப் பாருங்கள். சேர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் பாட்டைக் கேளுங்கள். 13 நிமிடமும் அந்தச் சுருதி பொருந்திக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு பார் கட்டம் இங்கே முழுக்கக் கழன்றுவிட்டது. ம-வுக்கும் ப-வுக்கும் கார்ட்ஸ் நகர்வதில்லை. அர்னால்டு தம்புரா செய்கிற வேலையைச் செய்கிறார், ஆனால் தாளத்தோடு.

இதை ராகம் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆரோகண அவரோகணக் கட்டுப்பாடு இல்லை, தாள ஆவர்த்தனக் கணக்கும் இல்லை. அடிச்சுரம் மாறாமல், அதன்மேல் சுர வரிசை மட்டும் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. நம் கச்சேரியில் இதற்கு மிக நெருக்கமானது பல்லவியின் முடிவில் வரும் ராகமாலிகை சுரம்தான். தாளம் நிற்காது, ச மாறாது, ராகம் மட்டும் மாறி மாறி வரும். அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக் கேட்டால் வழி தவறாது.

முதல் கேட்பில் டேவன்போர்ட்டை மட்டும். இசை அலைபோல ஏறி, உச்சம் தொட்டு, சட்டென்று அடங்கி, மறுபடி வேறொரு மனநிலையில் தொடங்கும். ஒவ்வொரு அடங்கலையும் ஒவ்வொரு ஏற்றத்தையும் நடத்துவது டிரம்ஸ்தான். எங்கே சத்தம் மென்மையாகிறது, எங்கே சிம்பல் மட்டும் மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடங்கள்தான் பாட்டின் வாசல்கள்.

இரண்டாம் கேட்பில் சுர வரிசை மாறும் இடங்கள். தொடக்கத்தில் காந்தாரம் ப்ளூஸ் காந்தாரமாக இழுபடும். பிறகு கிழக்கத்திய வாடை அடிக்கும் பகுதி வரும். கடைசிப் பகுதிக்கு வரும்போது முகம் தெளிந்து, அந்தர காந்தாரத்தோடு வெளிச்சமான மெட்டுகள் வரும். இரண்டு கிட்டார்களும் கைகோத்துப் போகும் இடங்களை அங்கே விடாதீர்கள். இரட்டைக் கிட்டார் இணைந்து பாடும் முறையை ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழு பிரபலமாக்கியது சில ஆண்டு கழித்துத்தான்.

மூன்றாம் கேட்பில் பட்டர்ஃபீல்டு. தன் சோலோ முடிந்த பிறகும் அவர் சும்மா இருப்பதில்லை. பின்னணியில் நீண்ட சுரங்களைப் பிடித்து, எல்லோரையும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது மடி வாட்டர்ஸிடம் திரும்புங்கள். ஒரே அடிச்சுரத்தில் நின்று இசைப்பதை ப்ளூம்ஃபீல்டு இந்தியாவிலிருந்து மட்டும் கொண்டு வரவில்லை. டெல்டாவின் ப்ளூஸில் அது ஏற்கெனவே இருந்தது. அர்னால்டின் விரல்களிலும் இருந்தது. ஆல்பத்தின் இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்தில் 'டூ ட்ரெய்ன்ஸ் ரன்னிங்' முன்னே வந்து 'ஈஸ்ட்-வெஸ்ட்' பின்னே வருவது தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கிழக்கின் சுருதியும் மிசிசிப்பியின் சுருதியும் சிகாகோவின் செஸ் ஸ்டுடியோவில் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்ட பதிவு இது. வெறும் கலவையாக இருந்திருந்தால் 13 நிமிடம் தாங்கியிருக்காது.

ஏழாம் படி: மேடையில் கேட்பது

ஸ்டுடியோ வடிவம் சுருக்கப்பட்ட வடிவம்தான். மேடையில் இது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்வரை நீண்டதுண்டு. 1966இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் அரங்கில் இந்தக் குழு வாசித்ததைக் கேட்ட அந்த ஊர் இளம் குழுக்கள், பாட்டை நீட்டித் தேடித் தேடி வாசிக்கும் துணிச்சலை இங்கிருந்தும் எடுத்துக்கொண்டன.

நாஃப்டலின் பத்திரப்படுத்தி வைத்திருந்த மேடைப் பதிவுகள் மூன்று, 1996இல் 'ஈஸ்ட்-வெஸ்ட் லைவ்' என்ற பெயரில் வந்தன. மூன்றும் இதே இசைதான், வெவ்வேறு இரவுகளில். முதலாவது ஏறக்குறைய ஸ்டுடியோ நீளம், கடைசியானது 28 நிமிடம். ஒலித்தரம் கரடுமுரடாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாற்றாமல் கேட்டால் ஒரு யோசனை மேடையிலேயே வளர்வது தெரியும். 28 நிமிடப் பதிவுக்கு ஒரு சாயங்காலத்தை முழுதாக ஒதுக்கி, போனைத் தள்ளி வைத்துவிட்டு, டேவன்போர்ட் முதலில் சிம்பலைத் தொடும் இடத்திலிருந்து அவர் கையையே பிடித்துக்கொண்டு போங்கள்.